வாய் கீழே உள்ள பை

எங்கள் கடையைப் பற்றித் தெருவில் ஒரு கதை உலவுகிறது. அதில் மூன்று பிழைகள் இருக்கின்றன. நான் மயங்கி விழுந்தேன் என்பது முதல் பிழை. எங்கள் குடும்பத்தில் யாரும் மயங்கி விழுவதில்லை. ஒரு நர்ஸ் வந்து எங்களுக்குப் பை தைக்கக் கற்றுக்கொடுத்தார் என்பது இரண்டாவது. அதை இன்னொருவர் கற்றுக்கொடுக்கும் நிலைக்கு நாங்கள் இன்னும் வரவில்லை. துணி வெட்டும் கத்தரி இப்போது தம்பி கைக்குப் போய்விட்டது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது காதில் விழுந்த அன்றுதான் பேனாவைத் தேடினேன்.

கடை எங்கள் அப்பா ஆரம்பித்தது. பள்ளிப் பை, பயணப் பை, தச்சரும் மின்சார வேலைக்காரரும் தோளில் மாட்டும் கருவிப் பை எல்லாம் இங்கேயே வெட்டி இங்கேயே தைப்பது. முன்னறையில் கவுன்டர். அங்கே என் தம்பி உட்கார்ந்திருப்பான். வருகிறவர்களைச் சிரிக்கவைப்பதுதான் தன் வேலை, பை விற்பது உபதொழில் என்று நினைப்பவன். நடு அறையில் தையல் மெஷின். அதில் அவன் மனைவி. மெஷின் ஓடும் வரை அவள் வாயும் ஓடும். மெஷின் நின்றாலும் வாய் நிற்காது. தெருவே அவளை ரேடியோ என்று கூப்பிடுகிறது. அவளும் திரும்பிப் பார்க்கிறாள். மெஷினுக்கு எதிரே நீளமான வெட்டு மேசை. அது என் இடம்.

வீட்டில் மூத்தவர்தான் துணி வெட்ட வேண்டும், நின்றுதான் வெட்ட வேண்டும். இது அப்பா வைத்த சட்டம். உட்கார்ந்தால் தோள் சாயும், தோள் சாய்ந்தால் துணி கோணும் என்பார். தம் முழங்கால் ஒத்துழைக்காத அன்றே கத்தரியைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போனவர், அதன்பின் அதைத் தொடவே இல்லை. தம்பி ஒருமுறை ஆசைப்பட்டு வெட்டிய கருவிப் பை ஒன்று இன்னும் கடையில் தொங்குகிறது. எந்த ஆணியில் மாட்டினாலும் இடதுபக்கம் சாய்ந்தே நிற்கும், பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்பது போல.

இப்படிப்பட்ட வீட்டில், இரண்டு வருடமாக எனக்கு ஒரு தொல்லை. காலையில் ஒன்றும் இருக்காது. மத்தியானம் தாண்டியதும் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு கனம் இழுக்கும். நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பந்தின் மேல் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். சாயங்காலம் கழிவறைக்குப் போனால் கைக்கு ஏதோ தட்டுப்படும். இருமினால் இன்னும் இறங்கும். படுத்துவிட்டால் தானாக உள்ளே போய்விடும். நான் மூன்று பெற்றவள். பிள்ளைகள் மூவரும் தூரத்து ஊர்களில் நன்றாக இருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் கேன்வாஸ் சுருளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடியேறியவள். என்ன இறங்குகிறது என்று ஊகிக்க எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அறுத்து எடுப்பார்கள், மாதக்கணக்கில் படுக்கவைப்பார்கள், இனி நிற்கவே கூடாது என்பார்கள் என்று நினைத்திருந்தேன். நிற்க முடியாதவள் வெட்ட முடியாது. கத்தரி தம்பியிடம் போகும். அப்புறம் இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் இடதுபக்கம் சாய்ந்த பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். அப்பா பெயர் என்னாவது?

ஆகவே சாப்பாடு முடிந்ததும் மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு, "ஸ்டாக் பாத்துட்டு வரேன்" என்பேன். மாடியறையில் துணிச் சுருள்களுக்கு நடுவே காலை உயர்த்திக் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன். பின் இறங்கி வந்து நிமிர்ந்து நிற்பேன். தம்பி வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வான்: "எங்க அக்கா மாதிரி தினம் ஸ்டாக் பாக்கற ஆள நீங்க எந்தக் கடையிலயும் பாக்க முடியாது சார்."

அந்த நர்ஸ் வந்தது இந்த நிலையில்தான். பேறுகாலம் பார்க்கும் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்துபவர். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். கவுன்டர் முன்னால் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "எங்க ஸ்கூல் கருப்பை உடைஞ்சு போச்சுங்க. பிளாஸ்டிக். துணியில ஒண்ணு தைச்சுத் தர முடியுமா?"

தம்பி கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. நான் நடு அறையிலிருந்து சொன்னேன்: "உள்ள வாங்க. அந்தப் பேச்சு கவுன்டர்ல வேண்டாம்."

உள்ளே வந்தார். ரேடியோ மெஷினை நிறுத்தினாள். தம்பியும் பேனாவைத் தேடும் சாக்கில் உள்ளே வந்தான். பிளாஸ்டிக் மாதிரியை இழுக்க முடியாது, விரிக்க முடியாது, உள்ளே கைவிட்டுப் பார்க்க முடியாது. மாணவிகள் அதை அலமாரிப் பொம்மை போலத் தூர நின்று பார்க்கிறார்கள். துணியில் இருந்தால் கையில் எடுப்பார்கள் என்றார் நர்ஸ். முதலில் ஆரோக்கியமானது ஒன்று. அது சரியாக வந்தால் நோய்பட்டவை நான்கு.

"படம் ஒண்ணு போட்டுத் தரட்டுமா?" என்றார்.

"எங்க அக்காவுக்கா? படமா?" என்று தம்பி சிரித்தான். "அளவு சொல்லுங்க, போதும். யானைக்குப் பை கேட்டாலும் அளவு சொன்னா தைச்சிடுவாங்க."

நானும் மறுக்கவில்லை. நர்ஸ் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார்: கைப்பிடி அளவு, பேரிக்காய் வடிவம், மூன்று அடுக்கு, ஒரு வாய், மேல் மூலைகளில் பக்கத்துக்கொன்றாக இரண்டு குழாய், தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் வார், அடியில் தொட்டில் போல ஒரு தாங்கு துணி.

தைத்தோம். நல்ல கேன்வாஸ், ஓரம் மடித்து இரட்டைத் தையல். உள்ளே லைனிங், ஒரு நூல்கூடப் பிரியாதபடி சுற்றிலும் அடித்தது. உள்ளே தாராளமான இடம். வாயில் சுருக்குக் கயிறு. வெளியே எங்கள் கடை முத்திரை. மேசையில் வைத்தால் நேராக நின்றது. தம்பி அதற்குள் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துப் பார்த்து, "தாராளமா கொள்ளுது" என்றான்.

நர்ஸ் வந்து அதைக் கையில் எடுத்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். பின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

"அம்மா, வாய் மேல இருக்கே!"

"பைக்கு வாய் மேலதான் இருக்கும்" என்றேன்.

"குழந்தை எப்படிம்மா வெளிய வரும்? எட்டிக் குதிச்சா?"

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு மெஷின் மேல் கவிழ்ந்தாள். மூன்று பெற்றவளுக்கு இது தெரியாதா என்று யாரும் கேட்கலாம். எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியாது. கத்தரியைப் பிடித்துவிட்டால் பைக்கு வாய் மேலேதான், அப்படியே பழகிவிட்டது.

நர்ஸ் பையைத் தலைகீழாகத் திருப்பி மேசையில் படுக்கவைத்தார். அன்று அவர் சொன்னதுதான் தெருக்கதையில் 'தையல் பாடம்' ஆகிவிட்டது. தையல் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கருப்பை எப்படிப்பட்டது என்று மட்டுமே சொன்னார்.

"முதல்ல இந்த நினைப்ப விடுங்க. பைன்னா உள்ள காலி இடம் வேணும்னு நெனைக்கறீங்க. இதுல இடமே கிடையாது. சுவர்தான் எல்லாம். விரல் தடிமனுக்குத் தசை. உள்ள முன் சுவரும் பின் சுவரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்கும், காலி கவர் மாதிரி."

"இடமே இல்லாத பைய யாரு வாங்குவா?" என்றான் தம்பி.

"நீங்க அதுல ஒம்பது மாசம் வாடகையில்லாம இருந்திருக்கீங்க" என்றார் நர்ஸ். "ஆள் வந்தா விரியும். விலா எலும்பு வரைக்கும் ஏறும். குழந்தை வெளிய வந்த சில வாரத்துல திரும்பவும் கைப்பிடி அளவுக்கு வந்துடும்."

தம்பி அதன்பின் கொஞ்ச நேரம் அந்தப் பையை மரியாதையாகப் பார்த்தான். "இதுக்கு கேரண்டி கார்டு யாரு போட்டா?" என்று மட்டும் கேட்டான்.

சுவரின் நார்கள் நேர்க்கோட்டில் ஓடக் கூடாது, பின்னல் போலக் குறுக்கும் நெடுக்கும் ஓட வேண்டும் என்றார். குழந்தை வெளியே வந்து, நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகு, சுவருக்குள் ஓடும் இரத்தக் குழாய்களை அந்த நார்கள்தான் இறுக்கி அடைக்குமாம். அடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பேரிக்காயின் காம்புப் பக்கம் கீழே. அதன் நுனிதான் வாய். சுருக்குக் கயிறெல்லாம் வேண்டாம், தடித்த வளையம் போல இருந்தால் போதும். நேராகவும் நிற்காது, பெரும்பாலும் முன்பக்கமாகச் சாய்ந்து சிறுநீர்ப்பை மேல் படுத்திருக்கும். சிலருக்குப் பின்பக்கம் சாய்ந்திருக்கும்; அதுவும் குறையில்லை.

சாய்வு என்றதும் தம்பி என்னைப் பார்த்தான். "அப்ப நான் வெட்டறதுதான் சரின்னு சொல்லுங்க."

"நீ கவுன்டருக்குப் போ" என்றேன்.

லைனிங்கில் பெரிய சண்டை. பிரியாத லைனிங் எங்கள் கடைக்குப் பெருமை. நர்ஸ் கேட்டதோ மாதாமாதம் உரிந்து, மாதாமாதம் புதிதாக வளரும் லைனிங். கரு வந்து தங்குமென்று மெத்தை விரிப்பதும், வராவிட்டால் அதைச் சுருட்டி வெளியே போடுவதும்தான் அதன் வேலையாம். "உரியற மாதிரி நான் தைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். ரேடியோதான் டப்பாவைக் கிளறி வெல்க்ரோவை எடுத்துக் காட்டினாள். இழுத்தால் சர்ரென்று வந்தது, வைத்தால் ஒட்டிக்கொண்டது. நர்ஸ் நாலு தடவை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

இரண்டாவது முறை தைத்தது சரியாக அமைந்தது. நோய்பட்டவற்றைத் தொடங்கினோம்.

நார்க்கட்டிக்குச் சுவரின் தசைக்குள்ளே உருண்டைகளைப் பொதிய வேண்டும். பல பெண்களுக்கு இது இருக்கும், பெரும்பாலும் புற்று இல்லை, இருப்பதே தெரியாமல் காலம் தள்ளுபவர்களும் உண்டு என்றார் நர்ஸ். வெளிப்பக்கம் புடைத்தால் சும்மா கிடக்கலாம். உள்பக்கம் லைனிங்கைத் தள்ளினால் இரத்தப்போக்கு அதிகமாகும். பழைய சட்டைப் பொத்தான்களைப் பஞ்சில் சுற்றிப் பொதிந்தோம். அடுத்தது லைனிங்கிலிருந்து குஞ்சம் போலத் தொங்கும் சதை, பாலிப் என்றார். அதற்குப் பயணப் பை ஜிப்பில் மாட்டும் குஞ்சமே போதுமாக இருந்தது. மூன்றாவதுதான் எனக்கு விநோதமாகப் பட்டது. லைனிங்கைப் போன்ற திசு பைக்கு வெளியே, சினைப்பை மேலும் குடல் மேலும் திட்டுத் திட்டாக வளருமாம். உள்ளே இருப்பது மாதிரியே மாதம்தோறும் அதுவும் கசியும். வெளியே வர வழியில்லாமல் அங்கேயே வீங்கி வலிக்கும்.

அதைக் கேட்டதும் ரேடியோ மெஷினை நிறுத்திவிட்டாள். "எனக்குக் கல்யாணத்துக்கு முன்ன மாசாமாசம் உயிர் போகும் சிஸ்டர். வேலைக்கு டிமிக்கி குடுக்க நடிக்கிறேன்னு சொல்வாங்க."

"உனக்கு நடிக்க வராது" என்றார் நர்ஸ். "ஒரு நிமிஷம் வாய மூட முடியாதவ எப்படி நடிப்பே? வலி வேலையையே முடக்குதுன்னா பாக்கணும். பொறுத்துக்கறதுக்குப் பரிசு ஒண்ணும் கிடையாது."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அப்போது மத்தியானம். நான் மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு ஸ்டாக் பார்க்கப் போய்விட்டேன்.

கடைசியாக ஒன்று மிச்சம். இறங்கிய கருப்பை. "தாங்கற வாரும் தாங்கு துணியும் தளர்ந்து, பை கீழ இறங்கறது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார் நர்ஸ். அதை நான் தொடவில்லை. ரேடியோவிடம் தள்ளிவிட்டேன். அவள் ஒரே மூச்சில் தைத்து, கடை மூடுவதற்கு முன் என் மேசையில் வைத்தாள். "பாருங்க அக்கா. நாளைக்குக் காலையில சிஸ்டர் வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க."

பார்த்தேன். ஒரு பக்க வாரை அறுத்துவிட்டிருந்தாள். முழுப் பையும் தாங்கு துணியில் போட்ட ஓட்டை வழியாக ஒருக்களித்து வெளியே தொங்கியது, சன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பவர் போல. தையல் என்று பார்த்தால் குற்றமில்லை. பொருள் முழுக்கத் தவறு.

தவறு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. வார் அறுவதில்லை, நீண்டுபோகிறது. முதலில் வாய்தான் வருகிறது. அதுவும் எப்போதும் வெளியே நிற்பதில்லை. முக்கினால், இருமினால், கனம் தூக்கினால் வரும், விரலால் தள்ளினால் போகும். எனக்குப் பிறப்புவழியின் முன் சுவரும் கூடவே புடைத்துக்கொண்டு வருகிறது. அப்போது சிறுநீர் சரியாக இறங்காது. இதில் ஒன்றுகூட அந்தப் பையில் இல்லை.

வீட்டுக்குப் போனேன். படுத்தேன். என் நிலை இதுதான்: அதை அப்படியே அனுப்பினால் எங்கள் அப்பாவின் முத்திரை குத்திய ஒரு பொய் வெளியே போகும். ஒரு வகுப்புப் பெண்கள் அதைக் கையில் பிடித்துப் படிப்பார்கள். நாளைக்கு எங்கோ ஒரு பெண் கூச்சத்தை விட்டு வாய் திறந்து சொல்லும்போது, "இருக்காதே, வார் அறுந்தா இப்படி இருக்காதே" என்று திருப்பி அனுப்புவார்கள். திருத்தினாலோ, அந்த நர்ஸின் கண்ணுக்கு என் ரகசியம் தப்பாது. அவர் கேட்பார். ரேடியோ எதிரே இருப்பாள். ரேடியோவுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் கத்தரி போகும்.

பிழையான சரக்கு எங்கள் கடை வாசலைத் தாண்டியதில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்க் கடையைத் திறந்தேன்.

அவள் தையலைப் பிரித்தேன். திரும்பி வந்த பழைய பையொன்றிலிருந்து உயிர் போன எலாஸ்டிக்கை உருவினேன். இழுத்தால் நீளும், விட்டால் மெதுவாக, மனமில்லாமல் திரும்பும். எனக்கு வேண்டியது அதுதான். இரண்டு பக்கமும் சமமாக வைத்துத் தைத்தேன். தாங்கு துணியைத் துவைத்துத் துவைத்துத் தளர்ந்த பின்னல் துணியில் மாற்றினேன். சிறுநீர்ப்பைக்காக முன் சுவரில் ஒரு மெல்லிய துணியைத் தளர்வாக விட்டேன். மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தினேன். வாய் மெதுவாக இறங்கி வந்தது. முன் சுவர் புடைத்தது. விரலால் தள்ளினேன். உள்ளே போனது. நான் வெட்டித் தைத்தவற்றில் இதைவிடச் சரியான பை இல்லை என்று இன்றும் சொல்வேன்.

நர்ஸ் வந்தார். மற்ற மூன்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், இதை எடுத்ததும் பேச்சை நிறுத்தினார். மேலிருந்து அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

"இத யாரு தைச்சது?"

"நான்தான் சிஸ்டர்" என்று ரேடியோ எழுந்து வந்தாள். எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, இது என் பை இல்ல! என் பை எங்க?"

"நான் தைச்சது" என்றேன்.

"முன் சுவர் புடைக்கும்னு நான் சொல்லவே இல்லையேம்மா. இத எங்க பாத்தீங்க?"

கவுன்டரில் தம்பி யாருக்கோ பை காட்டிக்கொண்டிருந்தான். நான் கத்தரியை மேசையில் வைத்தேன். "பாக்கல" என்றேன்.

நர்ஸ் என்னைப் பார்த்தார். உயரமான அந்தக் குரலை முதல்முறையாக இறக்கினார். முன்பக்கம் திரும்பி, "தம்பி, நல்ல டீ எங்க கிடைக்கும்? கொஞ்சம் தூரமா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். தம்பி உற்சாகமாகக் கிளம்பினான். ரேடியோவை அனுப்ப வழியில்லை. அவள் அசையவே இல்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்."

"மத்தியானத்துக்கு மேல அதிகமா?"

"ம்."

"படுத்தா சரியாகுதா?"

"ஸ்டாக்!" என்று கத்தினாள் ரேடியோ. "அக்கா, அப்ப நீங்க ஸ்டாக் பாக்கப் போறது..."

"வாய மூடு" என்றேன். பிறகு நர்ஸிடம், இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்: "எடுத்துடுவாங்களா?"

"கருப்பையையா? அவசியமில்லம்மா..."

"கத்தரிய."

நர்ஸுக்குப் புரியவில்லை. ரேடியோவுக்குப் புரிந்தது. அவள்தான் அப்பா வைத்த சட்டத்தை, மூத்தவர், நிற்பது, கோணல் பை என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பேச்சை நான் இடையில் நிறுத்தவில்லை.

நர்ஸ் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க. உங்க கடைக்கு வார் தளர்ந்த பை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"தூக்கியா போடுவோம்?" என்று எனக்கு முன்னால் ரேடியோ சொன்னாள். "உள்ள ஒரு வளையம் வச்சு, ஏத்தி நிறுத்திடுவோம்."

"அதேதான்" என்றார் நர்ஸ். "வளையம்தான். வேணும்னா ஆபரேஷனும் இருக்கு, ஆனா அது நீங்க யோசிச்சு முடிவு பண்றது. முதல்ல டாக்டர் பாக்கட்டும். இன்னைக்கே."

அந்த இடத்தில்தான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், விழவில்லை. கடையில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதால், டீயோடு வந்த தம்பி பதறிப்போய், "அக்கா மயங்கிட்டாங்க!" என்று தெருவைக் கூட்டிவிட்டான். முதல் பிழையின் கதை இதுதான்.

பயிற்சிப் பள்ளிக்குப் பக்கத்திலேயே மருத்துவமனை. டாக்டர் பெண்மணி, வயதில் என் மகளைவிடச் சிறியவர். திரை போட்ட அறையில் பரிசோதித்தார். இருமச் சொன்னார். இருமினேன். என் வாழ்நாளில் இவ்வளவு கௌரவமாக யாரும் இருமியிருக்க முடியாது. மாதவிலக்கு நின்ற பிறகு எப்போதாவது இரத்தம் பட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். பட்டால் ஒரு துளி என்றாலும் உடனே வர வேண்டும், அதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது என்றார். பின் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே வைத்துக் கருப்பையைத் தாங்கும் வளையங்களைக் காட்டினார்.

சிலிக்கான். வளைத்தால் வளைந்து, விட்டால் வட்டமாகும். நான் ஒன்றை வாங்கி விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தேன்.

"என்னம்மா தேடறீங்க?"

"ஜாயின்ட் எங்கன்னு பாக்கறேன்."

"ஜாயின்ட் கிடையாது. ஒரே வார்ப்பு."

"நல்ல வேலை" என்றேன். எந்த வேலையையும் நான் எளிதில் பாராட்டுவதில்லை.

முதலில் வைத்த அளவு, நான் மாடிப்படி ஏறி இறங்கியதும் நழுவியது. அடுத்த அளவு உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்ததே தெரியவில்லை, அதுதான் சரியான அளவுக்கு அடையாளம் என்றார் டாக்டர். சில மாதத்துக்கு ஒருமுறை வந்து எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும். அடித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஒன்றும் சொல்லிக்கொடுத்தார். நின்றுகொண்டே செய்யலாமாம்.

"கனமான சுருள் மட்டும் தூக்க வேண்டாம்."

"நிக்கலாமா?"

"தாராளமா நில்லுங்க."

"நாள் முழுக்க?"

"கால் வலிச்சா உட்காருங்கம்மா. கருப்பைக்காக உட்கார வேண்டாம்."

இனி தெரு. அன்று சாயங்காலத்துக்குள் ரேடியோ தன் வேலையைக் காட்டிவிட்டாள். மறுநாள் எதிர்வரிசை டைப்பிஸ்ட் வந்தாள், பை வாங்க. பையைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். பிறகு ரொட்டிக்கடைக்காரர் மனைவி, அவளும் பை வாங்க. அடுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. என்னைவிட விறைப்பானவர், இருபது வருடமாக எங்களோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவரும் பை வாங்கத்தான் வந்தார். மூவரும் தனித்தனியாகக் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அந்த டாக்டர் எங்க இருக்காங்க?" தலைமையாசிரியை மட்டும், "எங்க உறவுல ஒருத்திக்கு" என்று சேர்த்துக்கொண்டார். உறவுப் பெண்ணுக்காக அவர் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி மாறி நின்றதை நான் கவனித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. விலாசத்தைச் சொன்னேன்.

இப்படி வருகிறவர்களுக்காகவே இறங்கிய பையில் இன்னொன்று தைத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அழுத்திக் காட்டினால் பாதிப் பேச்சு மிச்சம். ரேடியோவை நான் திட்டவில்லை. இதில் அவமானம் எங்கே வந்தது என்று தேடிப் பார்த்தேன், வந்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போகிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது பிழை மிச்சம். நான் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது தம்பி ஆசையை அடக்க முடியாமல் ஒரு பள்ளிப் பையை வெட்டியிருக்கிறான். கையில் கத்தரியோடு அவனைத் தெரு பார்த்துவிட்டது. அந்தப் பை இப்போது பழைய கருவிப் பைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. இது வலதுபக்கம் சாய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்வது போல நன்றாகத்தான் இருக்கிறது.

வளையம் வைத்துச் சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், நான் பயணப் பைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். தம்பி கவுன்டரிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"என்னக்கா, ஸ்டாக் பாக்கப் போகலையா?"

நான் தலை நிமிராமல் மாடிச் சாவியை மேசையில் தள்ளினேன். "இனிமே நீ பாரு."

ரேடியோ சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினை ஓட்டினாள். தெருவுக்கெல்லாம் சொன்னவள் ஸ்டாக் சங்கதியை மட்டும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அவன் தெருவுக்கெல்லாம் பெருமையடித்த அந்த ஸ்டாக்கைப் பார்க்க மிகுந்த பொறுப்போடு படியேறினான். மேலே கதவு திறக்கும் சத்தம். பின் அவன் குரல் வந்தது.

"அக்கா! இங்க ஸ்டாக்னு நாலு சுருள்தான். நடுவுல ஒரு பாயும் ரெண்டு தலகாணியும் இருக்கு!"

"எடுத்துட்டு வா" என்றேன், வெட்டுவதை நிறுத்தாமல். "பஞ்சு நல்லா இருக்கும். அடுத்த நார்க்கட்டிக்கு ஆகும்."